72 வயது அப்பாவுடன் ஃபெசன்ட் வேட்டை: எங்கள் அனுபவம், உங்களுடையதையும் சொல்லுங்கள்

அப்பா மினசோட்டாவுக்கு எங்களோடு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. தேனிப் பக்கம் எங்கள் ஊரில் சின்ன வயதில் கண்ணி வைத்துக் கௌதாரி பிடித்தவர். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் கண்ணியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். சேவல் வளர்ப்பை மட்டும் விடவில்லை. 2022 அக்டோபரில் சவுத் டகோட்டாவுக்கு ஃபெசன்ட் வேட்டைக்குப் போகலாமா என்று கேட்டேன். அது என்ன பறவை என்றார். "கோழிக்கும் மயிலுக்கும் பங்காளி" என்றேன். அன்றைக்கே சரி என்றுவிட்டார்.

கைடு வைத்துக்கொள்ளவில்லை, பண்ணை லாட்ஜும் எடுக்கவில்லை. ஹ்யூரான் ஊரில் தரைத்தளத்தில் ஒரு மோட்டல் அறை, மாநில அரசு வெளியிடும் பொது வேட்டை நில வரைபடம், எங்கள் லாப்ரடார் நாய். வெளிமாநிலத்தவருக்கான லைசென்ஸ் ஐந்து ஐந்து நாளாக இரண்டு தவணைக்குச் செல்லும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று பறவை, அதுவும் சேவல் மட்டும். காலை 10 மணிக்கு முன்னால் சுடக்கூடாது. வயதானவரோடு போகிறவர்களுக்கு இந்த 10 மணி பெரிய வரம். மாத்திரை, இட்லி, காபி எல்லாம் முடித்து நிதானமாகக் கிளம்பலாம்.

அப்பாவிடம் கிரீன் கார்டு இருப்பதால் துப்பாக்கி எடுப்பதில் சிக்கல் வரவில்லை. விசிட்டர் விசாவில் வரும் பெற்றோருக்கு அப்படி இல்லை. வேட்டை லைசென்ஸ் கையில் இல்லாமல் அவர்கள் துப்பாக்கியைத் தொடக்கூடாது. இதை முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். எடை குறைவு என்பதால் அப்பாவுக்கு 20 கேஜ் துப்பாக்கி கொடுத்தேன். கோடை முழுக்க ரேஞ்சில் களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழகினார்.

முதல் நாள் நான் செய்தது தப்பு. பறவை அதிகம் இருக்கும் என்று 160 ஏக்கர் நிலமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். ஒரு பக்கம் மட்டுமே அரை மைல். நடுவில் ஆள் உயரச் சம்பங்கோரை, காலடியில் சேறு. "வலிக்குதாப்பா?" என்று கேட்டதற்கு, "இல்லடா, நீ போ, நான் வந்துர்றேன்" என்றார். திரும்பிப் பார்த்தபோது வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அறைக்கு வந்து ஷூ கயிற்றை அவிழ்க்கிறார், விரல் நடுங்குகிறது, முடிச்சு பிடிபடவே இல்லை. நான் குனிந்து அவிழ்த்துவிட்டேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

அன்று இரவு திட்டத்தை அடியோடு மாற்றினேன். வரைபடத்தில் பெரிய நிலங்களை விட்டுவிட்டு, 10 முதல் 20 ஏக்கருக்குள், ஒரு முனையாவது சாலையைத் தொடுகிற துண்டுகளாகத் தேடினேன். தனியார் நிலத்தை அரசு வாடகைக்கு எடுத்து வேட்டைக்குத் திறந்துவிடும் 'வாக்-இன் ஏரியா'க்கள் அங்கே நிறைய. உள்ளே கார் போகாது, நடைதான். அதனால் சாலை ஓரம் முக்கியம். நீர்ப்பறவைகளுக்கான கூட்டரசு நிலங்களில் ஈயக் குண்டு கூடாது, ஸ்டீல் குண்டுதான். இடம் மாற மாறக் குண்டு மாற்ற வேண்டாம் என்று எல்லா இடத்துக்கும் ஸ்டீலையே வைத்துக்கொண்டோம்.

அப்புறம் அப்பாவுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஃபெசன்ட் உடனே பறக்காது, புல்லுக்குள் ஓடும். புல் முடிகிற இடத்தில் ஆள் நின்றால்தான் ஓட வழியில்லாமல் எழும்பும். அப்படி நிற்பவரை 'பிளாக்கர்' என்பார்கள். மடக்கு ஸ்டூலில் அப்பா போய் உட்கார்ந்தார். நானும் நாயும் எதிர்முனையிலிருந்து நடந்தோம். இதில் ஆபத்து உண்டு, நாங்கள் நடப்பதே அவரை நோக்கித்தான். அதனால் பறவைக்குப் பின்னால் வானம் தெரிந்தால் ஒழிய விரல் விசைக்குப் போகக்கூடாது என்று பேசிக்கொண்டோம். பாதிப் புல் தாண்டியபின் அவர் பக்கம் நான் சுடுவதே இல்லை. இருவருக்கும் ஆரஞ்சு தொப்பி, ஆரஞ்சு வெஸ்ட். கார்க் கதவைக்கூட அடித்துச் சாத்த மாட்டோம். அந்தச் சத்தத்துக்கே பறவை ஓடிவிடும்.

மூன்றாம் நாள் சூரியன் விழ அரை மணி இருக்கும்போது, சோளக்காட்டில் மேய்ந்துவிட்டுப் புல்லுக்குத் திரும்பிய ஒரு சேவல் அப்பாவின் தலைக்கு மேலேயே கொக்கரித்துக்கொண்டு எழும்பியது. கழுத்தில் வெள்ளை வளையம் பளிச்சென்று தெரிந்தது. அவர் உட்கார்ந்தபடியே சுட்டார். நாய் கொண்டுவந்து கொடுத்ததும் முதலில் இறகைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். கட்டைவிரலால் முள்ளைத் தடவிவிட்டு, "மொட்டை முள்ளு. இந்த வருசத்துக் குஞ்சுடா" என்றார். அங்கேயும் வேட்டைக்காரர்கள் முள்ளை வைத்துத்தான் வயது பார்க்கிறார்கள். அப்பாவுக்கு யாரும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. இரைப்பையை அமுக்கிப் பார்த்தார். உள்ளே மக்காச்சோளம் கல்லு மாதிரி உருண்டது.

திரும்பும் வழியில் ஹ்யூரானில் உள்ள 28 அடி ஃபெசன்ட் சிலை முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். சீனாவிலிருந்து வந்த பறவை, 1908-ல் பக்கத்து ஸ்பிங்க் கவுண்டியில் விட்டுத்தான் இங்கே நிலைத்தது, 1943-ல் மாநிலப் பறவையே ஆகிவிட்டது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சிலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அயோவாவிலிருந்து

அண்ணா, ஷூ கயிறு விஷயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் அப்பாவுக்குக் காது மந்தம், வயது 69. அயோவாவில் ஃபெசன்ட் மாதிரி மேட்டு நிலப் பறவைகளின் வேட்டைக்கு ஆரஞ்சு கட்டாயம், அதனால் ஆள் கண்ணுக்குத் தெரிவதில் பிரச்சினை இல்லை. ஆனால் "நில்லுங்கப்பா" என்று கத்தினால் கேட்காது. முதல் தடவை நான் நின்ற பிறகும் அவர் 30 அடி முன்னே போய்விட்டார். பயந்தே போனேன். இப்போது கையைத் தூக்கினால் நிற்க வேண்டும், பத்து அடிக்கு ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். மெல்லிய சத்தத்தைப் பெருக்கி வெடிச்சத்தத்தை மட்டும் அடைக்கும் எலக்ட்ரானிக் காதுறையும் வாங்கிக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்ட அன்று, புல்லில் காற்று போகிற சத்தம் கேட்கிறது என்று சொன்னார்.

நெப்ராஸ்காவிலிருந்து

நாங்கள் அம்மாவை அழைத்துப் போனோம். அவர் சுட மாட்டார், அடுப்பு அவர் பொறுப்பு. நெஞ்சுக்கறியைச் சீக்கிரம் இறக்காவிட்டால் வறண்டுவிடும், அதை மிளகு வறுவலாகச் செய்தார். காலில் நரம்பு கம்பி மாதிரி இருக்கும், குக்கரில் நன்றாக வேகவிட்டு, நரம்பை உருவிவிட்டுக் குழம்பு வையுங்கள். குண்டு பல்லில் சிக்கும், விரலால் தடவித் தேடி எடுத்துவிடுங்கள். முக்கியமாக, வழியிலேயே முழுசாகச் சுத்தம் செய்துவிடாதீர்கள். சேவல்தான் என்று தெரிய தலையோ காலோ இறகுள்ள சிறகோ ஒட்டியிருக்க வேண்டும்.

முதலில் எழுதியவன்

நன்றி. அப்பாவிடம் இரண்டையும் வாசித்துக் காட்டினேன். காதுறை தனக்கும் வேண்டும் என்கிறார். இந்த அக்டோபருக்கு அதே புல்வெளி, அதே முனை. ஸ்டூல் மட்டும் சேற்றில் இறங்கிவிட்டது என்று, காலுக்கு அடியில் பலகைத் துண்டு வைத்து நேற்றே ஆணி அடித்துவிட்டார்.