‘நீ வீட்டில்தானே இருக்கிறாய்’ என்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

தாழ்வாரம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து 5 ஆண்டுகள் முடிந்துவிட்டன. இடக்கையும் இடக்காலும் அசைவதில்லை. பேச்சு பாதிதான் திரும்பியது. விழுங்குவதில் சிரமம் இருப்பதால் தண்ணீரைக்கூடச் சற்றுக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். முதல் மூன்று மாதங்கள் விடுப்பெடுத்துச் சமாளித்தேன். அதற்குப் பிறகு, 11 ஆண்டுகள் பார்த்துவந்த கணக்குப் பிரிவு வேலையை விட்டுவிட்டேன். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, யாரும் என் விருப்பத்தைக் கேட்கவும் இல்லை. அண்ணனும் தங்கையும் வெளியூரில் இருந்தார்கள், நான் பக்கத்தில் இருந்தேன். அவ்வளவில் எல்லாம் முடிவாகிவிட்டது.

சென்ற வாரம் அண்ணன் வந்திருந்தார். அன்று காலைதான் அப்பாவுக்கு முகச்சவரம் செய்து, உடம்பைத் துடைத்து, விரிப்பை மாற்றி, தலையணைகளை அணைகொடுத்து உட்கார வைத்திருந்தேன். அப்பாவின் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அண்ணன் மகிழ்ச்சியோடு சொன்னார்: “அப்பா நன்றாகத்தானே இருக்கிறார், நான் என்னவோ என்று பயந்துகொண்டே வந்தேன். நீயும் வீட்டில்தானே இருக்கிறாய், பெரிதாக ஒன்றும் சிரமம் இருக்காது.” அவர் குத்திக்காட்டவில்லை, மனதார நம்பித்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்பா நன்றாக இருப்பதற்காக நான் செய்வதெல்லாம், அவர் நன்றாக இருப்பதாலேயே பிறர் கண்ணிலிருந்து மறைந்துபோகிறது. நான் ஏதேனும் ஒன்றைச் செய்யாமல் விட்டிருந்தால்தான், அது ஒரு வேலை என்பதே அண்ணனுக்குத் தெரிந்திருக்கும்.

இரவு 10, 12, 2, 4 என்று அலாரம் வைத்து எழுந்து அவரைப் பக்கம் மாற்றிப் படுக்கவைக்கிறேன். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதால் நானும் கூடவே உட்கார்ந்திருப்பேன். பார்ப்பவர்களுக்கு நாங்கள் இருவரும் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் தோன்றும். போன மாதம் ஓர் அலுவலகத்தில் படிவம் நிரப்பும்போது, ‘தொழில்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்தவர் படிவத்தை வாங்கி ‘இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்.

கூடப்பிறந்தவர்களிடம் சண்டை போடாமல் இதைப் புரியவைக்க வழி உண்டா என்பது என் முதல் கேள்வி. இரண்டாவதைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அரை மணி நேரம் கெஞ்சி ஊட்டிய பிறகு கடைசிக் கரண்டியை அப்பா தட்டிவிடும்போது, அவர்மீதே எனக்குக் கோபம் பொங்குகிறது. என் அன்பில் ஏதோ குறை இருக்கிறது என்றுதானே இதற்குப் பொருள்?

பழைய வார்டு:

சகோதரி, நான் 32 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் பதிவில் நான் முதலில் தேடியது படுக்கைப் புண் என்ற சொல்லைத்தான்; அது எங்குமே இல்லை. ஒரு பக்கம் முழுதும் அசையாத ஒருவரை 5 ஆண்டுகள் அந்தப் புண் வராமல் காப்பது எத்தகைய வேலை என்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் தோல் சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார்ப்போம். அழுத்திய இடம் வெளுத்துப் பின் சிவந்தால் கவலையில்லை, வெளுக்காமல் அப்படியே நின்றால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது, சூட்டையும் கெட்டித்தன்மையையும் தொட்டுத்தான் அறிய வேண்டும். புதிதாக வரும் பயிற்சிச் செவிலியருக்கு இதைக் கற்றுக்கொடுக்க எங்களுக்கு வாரக்கணக்கில் ஆகும். உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

வார்டில் இந்த வேலையை மூன்று ஷிப்டுகளாகப் பிரித்துச் செய்வோம், நோயாளியைத் திருப்புவதற்கு இரண்டு பேர் நிற்போம். ஆனால் உங்களுக்கும் எங்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு ஆட்களின் எண்ணிக்கை அன்று. ஷிப்டு முடியும்போது, இவருக்கு இன்ன மருந்து கொடுத்தாயிற்று, இவருக்குச் சிறுநீர் குறைவாகப் போகிறது, இவரைச் சற்றுக் கவனியுங்கள் என்று அடுத்து வருபவரிடம் ஒவ்வொன்றாகச் சொல்லி ஒப்படைப்போம். சொல்லி முடித்த அந்த நொடியில் தோளிலிருந்து ஏதோ இறங்கும். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம், ஏனென்றால் இனி அது இன்னொருவருடைய பொறுப்பு. இந்த 5 ஆண்டுகளில் உங்களுக்கு அப்படி ஒரு நொடி ஒருமுறைகூட வாய்த்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஆகவே அண்ணனிடம் உதவி கேட்காதீர்கள் என்பேன். “என்ன உதவி வேண்டுமானாலும் சொல்” என்று அவர் முன்பே சொல்லியிருப்பார். அப்படிச் சொல்பவருக்கு எதைச் சொல்வது என்று யோசிப்பதும், சொல்வதும், மறந்துவிட்டால் நினைவூட்டுவதும், நினைவூட்டியதற்காகச் சங்கடப்படுவதும் உங்கள் வேலைப் பட்டியலில் புதிதாகச் சேர்ந்துவிடும். அதற்குப் பதில் ஏதேனும் ஒன்றை முழுமையாக ஒப்படையுங்கள். எடுத்துக்காட்டாக, மருந்து தீர்வதைக் கணக்கு வைப்பது, வாங்கி அனுப்புவது, மருத்துவரிடம் நாள் குறிப்பது, மருந்துச்சீட்டைப் புதுப்பிப்பது ஆகிய அனைத்தையும் எங்கிருந்தாலும் செய்யலாம். அதற்கு முன், ஒரு வாரத்துக்கு இரவும் பகலும் நீங்கள் செய்பவற்றை நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி அவரிடம் காட்டுங்கள்.

உங்கள் கேள்வியோடு தொடர்பில்லாத இன்னொன்று: தனியாகத் திருப்பும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பக்கவாதம் வந்த தோள் எளிதில் நழுவும். நான்காக மடித்த விரிப்பைத் தோளிலிருந்து தொடைவரை அடியில் போட்டு, அதைப் பிடித்துத் திருப்புங்கள். தலையணையைக் கெண்டைக்காலுக்கு அடியில் வைத்தால் குதிகால் எதிலும் படாமல் நிற்கும்.

வடகாற்று:

நான் அந்த அண்ணனின் இடத்தில் இருந்தவன், அதனால் எழுதுகிறேன். எங்கள் அம்மாவை 7 ஆண்டுகள் பார்த்துக்கொண்டவள் என் தங்கை. ஞாயிறுதோறும் தொலைபேசியில் அம்மாவின் உடல்நிலையை விசாரிப்பேன், மாத்திரை கொடுத்தாயா என்று கேட்பேன், ஏதாவது படித்ததைச் சொல்லி அறிவுரையும் வழங்குவேன். நீ நேற்றிரவு தூங்கினாயா என்று அவளை ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

தங்கைக்கு ஓர் அறுவை சிகிச்சை நடந்தபோது 12 நாட்கள் அம்மாவோடு தனியாக இருந்தேன். மடிக்கணினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அலுவலக வேலையையும் பார்த்துவிடலாம் என்றுதான் போனேன். முதல் நாள் மாலை, தண்ணீர் குடிக்கும்போது அம்மாவுக்குப் புரையேறியது. முகம் நிறம் மாறியது. என்ன செய்வதென்று தெரியாமல் தங்கையை அழைத்தேன். மயக்கம் தெளிந்து சில மணி நேரமே ஆகியிருந்த அவள், முன்பக்கம் சாய்த்துப் பிடி, தலையை நிமிர்த்தாதே, இருமட்டும் விடு என்று படுக்கையிலிருந்தே சொல்லிக்கொடுத்தாள். அன்றிரவு அம்மாவின் மூச்சைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். மூச்சு சற்று மாறினாலும் எழுந்து உட்கார்ந்தேன். கையால் செய்த வேலைகளைவிட, எதுவுமே செய்யாதபோதும் விலகாமல் இருந்த அந்தக் கவனிப்புதான் என்னைக் கூடுதலாகக் களைக்கச் செய்தது. அதை எந்த நோட்டில் எழுதிக் காட்டியிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்காது.

எனவே, பழைய வார்டு அம்மா சொன்ன நோட்டோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அண்ணனை ஒருநாள் தனியாக இருக்கச் சொல்லுங்கள். நீங்கள் அப்போது வீட்டில் இருக்காதீர்கள், வெளியே போய்விடுங்கள். தங்கை அன்று சொல்லாத ஒன்றையும் நானாகச் சொல்கிறேன்: அவள் இழந்த சம்பளத்தில் ஒரு பங்கை மாதந்தோறும் அவள் பெயரிலேயே செலுத்தத் தொடங்கியபோது நான் அதை ‘உதவி’ என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் அது என் பங்கு என்பது உறைத்தது.

கூட்டல் கழித்தல்:

அந்தப் படிவத்தின் கட்டத்தைப் பற்றி மட்டும் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் ‘இல்லை’ என்று எழுதியது அந்த ஒருவருடைய பிழை அன்று. நாடுகளின் மொத்த உள்நாட்டு உற்பத்தியைக் கணக்கிடும் முறையில், குடும்பத்தினர் கூலியின்றி ஒருவருக்கொருவர் செய்யும் பணிவிடை சேர்க்கப்படுவதில்லை. உங்கள் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்தால் அது உற்பத்தி. அதே வேலையை அதே கட்டிலருகில் நீங்கள் செய்தால் கணக்கில் வராது. தொழிலாளர் புள்ளியியலாளர்களின் 19ஆவது பன்னாட்டு மாநாடு 2013இல் ஜெனீவாவில் கூடியபோதுதான், கூலி இல்லாமல் வீட்டில் செய்யும் இத்தகைய பணியும் ‘வேலை’யே என்ற வரையறை ஏற்கப்பட்டது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2018 அறிக்கை, சமையலும் குழந்தை வளர்ப்பும் உட்படக் கூலியற்ற பராமரிப்புக்கு உலகில் நாளொன்றுக்கு 1,640 கோடி மணி நேரம் செலவாகிறது என்று மதிப்பிட்டது. 200 கோடிப் பேர் நாள்தோறும் 8 மணி நேரம் சம்பளமின்றி உழைப்பதற்கு இது சமம். இதில் நான்கில் மூன்று பங்குக்கும் சற்று மேலாகச் செய்பவர்கள் பெண்கள். பராமரிப்புப் பொறுப்பின் காரணமாக 2023இல் வேலைச் சந்தைக்கு வெளியே இருந்த பெண்கள் 70.8 கோடி, ஆண்கள் 4 கோடி என்பது அதே அமைப்பின் பிந்தைய மதிப்பீடு.

உங்கள் அண்ணன் சொன்ன வாக்கியம் சட்டமாகவே இருந்ததுண்டு. நோயுற்றவரைப் பார்த்துக்கொள்வதற்காக வேலைக்குப் போக முடியாதவர்களுக்குப் பிரிட்டன் 1976இல் ஓர் உதவித்தொகையைத் தொடங்கியபோது மணமான பெண்களுக்கு அது கிடையாது. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பதே அதற்குக் காரணம். தாயைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட ஒரு மணமான பெண்ணின் வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை சென்ற 1986இல்தான் அந்த விலக்கு நீங்கியது. ஜெர்மனியில் 1995இல் வந்த பராமரிப்புக் காப்பீடு, வரையறைக்குள் வரும் குடும்பப் பராமரிப்பாளருக்கு ஓய்வூதியக் கணக்கில் பங்குத்தொகையும் செலுத்துகிறது. 2000இல் இத்தகைய காப்பீட்டைத் தொடங்கிய ஜப்பானோ குடும்பத்துக்குப் பணமாகக் கொடுக்காமல் சேவையாகவே கொடுக்க முடிவு செய்தது. பணம் கொடுத்தால் மகளும் மருமகளும் கட்டிலருகிலேயே கட்டுண்டு கிடப்பார்கள் என்று அங்குள்ள பெண்கள் அமைப்புகள் அஞ்சின. அந்த அச்சம் எனக்கு நியாயமாகவே படுகிறது. வடகாற்று செலுத்திய தொகையைவிட, அவர் ஏற்றுக்கொண்ட இரவுகள்தாம் தங்கைக்குப் பயன்பட்டிருக்கும்.

சாய்வு நாற்காலி:

உங்கள் இரண்டாவது கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டார்கள். மறதிநோய் வந்த என் மனைவியை நான் 9 ஆண்டுகள் பார்த்துக்கொண்டேன். ஒரே கேள்வியை ஒரு மணி நேரத்தில் நாற்பது முறை கேட்பாள். நாற்பத்தோராவது முறை நான் கத்தியிருக்கிறேன். கத்திய பிறகு குளியலறையில் நின்று அழுதிருக்கிறேன். இது எப்போது முடியும் என்று நினைத்ததும் உண்டு. அது முடிவதென்றால் எது முடிவதென்று தெரிந்தேதான் நினைத்தேன்.

பராமரிப்பாளரின் சுமையை அளக்க 1980இல் உருவாகி இன்றும் உலகெங்கும் பயன்படும் ஒரு கேள்வித்தாள் உண்டு. இப்போது பெரிதும் வழக்கில் உள்ள வடிவத்தில் 22 கேள்விகள். அவற்றுள் ஒன்று, அவர் அருகில் இருக்கும்போது உங்களுக்குக் கோபம் வருகிறதா என்பது. என் மருத்துவர் அந்தத் தாளை நீட்டியபோது அந்த வரியில் என் கண் நின்றுவிட்டது. அச்சடித்தே கேட்கும் அளவுக்கு அது எல்லோருக்கும் வருவது என்று அன்றுதான் தெரிந்தது. கோபம் வந்தால் கரண்டியை வைத்துவிட்டு, அப்பா சாய்ந்து விழாதபடி அணைகொடுத்துவிட்டு, ஐந்து நிமிடம் அடுத்த அறைக்குப் போங்கள்.

உங்கள் உடம்பையும் பாருங்கள். 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வாழ்க்கைத்துணையைப் பார்த்துக்கொண்ட முதியவர்களுள் அதனால் மனவருத்தமும் உடல்வருத்தமும் அடைந்தவர்களுக்கு, 4 ஆண்டுகளுக்குள் இறக்கும் வாய்ப்பு 63 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அந்த வருத்தத்துக்கு ஆளாகாமல் பார்த்துக்கொண்டவர்களிடம் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை. பார்த்துக்கொள்வது அன்று, ஓய்வில்லாமல் ஒருவரே பார்த்துக்கொள்வதுதான் ஆளை அரிக்கிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நோட்டு விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. என் மகனிடம் அப்படி எழுதிக் காட்டினேன். குற்றப்பத்திரிகை வாசிப்பதாக எடுத்துக்கொண்டு ஆறு மாதம் பேசாமல் இருந்தான். நோட்டு எழுதுங்கள், ஆனால் அடுத்து வருபவருக்கான குறிப்பாக எழுதுங்கள்.

தாழ்வாரம்:

பதில் எழுதிய நால்வருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் கழித்து வருகிறேன். சாய்வு நாற்காலி ஐயா சொன்னபடியே நோட்டை எழுதினேன்: எந்த நேரத்துக்கு எது, எப்படி, எதைக் கவனிக்க வேண்டும் என்று 14 பக்கங்கள் வந்தன. அண்ணனுக்குப் படமெடுத்து அனுப்பி, மருந்தும் மருத்துவரும் இனி உங்கள் பொறுப்பு, மாதத்தில் இரண்டு சனி இரவுகளும் உங்களுடையவை என்று மட்டும் எழுதினேன். இரண்டு நாள் பதிலே இல்லை. பிறகு, இரத்த அழுத்த மாத்திரையின் அளவு போன ஆண்டு மாறியதா என்று கேட்டு அழைத்தார். தங்கைக்கும் அனுப்பினேன்; அவளிடமிருந்து இதுவரை பதில் இல்லை.

சென்ற சனிக்கிழமை அண்ணன் அப்பாவின் அறையில் படுத்தார். நான் அலாரம் வைக்கவில்லை, ஆனாலும் 2 மணிக்கு விழித்துக்கொண்டேன். விரிப்பு உரசும் ஓசையும், “கொஞ்சம் பொறுங்கள் அப்பா” என்ற அண்ணனின் குரலும் கேட்டன. எழுந்து போகாமல் படுத்தே இருந்தேன். காலையில் பார்த்தபோது தலையணையைக் குதிகாலுக்கு அடியிலேயே வைத்திருந்தார். அதைக் கெண்டைக்காலுக்கு நகர்த்திக் காட்டினேன். அவர் நோட்டை எடுத்து, எட்டாம் பக்கத்தில் அதைக் கோடிட்டுக்கொண்டு, 4 மணிக்கு அப்பா இருமினார், இரண்டு முறை, சளி இல்லை என்று எனக்குச் சொன்னார்.