தினசரிக் கடல் வெப்பநிலைக் கோப்புகளைக் காலத்தொடராக அடுக்குவது எப்படி?

கடலாய்வு_மாணவி:
அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா வெளியிடும் ஓஐஎஸ்எஸ்டி தரவுத்தொகுப்பின் 2.1 பதிப்பிலுள்ள தினசரிக் கடல் மேற்பரப்பு வெப்பநிலைத் தரவை, 1981 செப்டம்பர் முதல் முழுவதுமாக இறக்கி வைத்திருக்கிறேன். நாளுக்கு ஒரு நெட்சிடிஎஃப் (அறிவியல் தரவுக்கான கோப்பு வடிவம்) கோப்பு என்பதால் 16,000 கோப்புகளுக்கு மேல் சேர்ந்துவிட்டன. ஒரு நாளின் உலகப் படம் நொடியில் வந்துவிடுகிறது, எல் நினோவைக் கண்காணிக்கும் பசிபிக் கடலின் நினோ 3.4 பகுதியின் காலத்தொடரை எடுக்க முனைந்தாலோ, எக்ஸ்அரே என்ற பைதான் நூலகம் எல்லாக் கோப்புகளையும் திறந்து படித்து முடிப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. அனைத்தையும் ஒரே கோப்பாக இணைத்துவிட்டால் போதுமா?

தரவுக்காரன்:
போதாது. இணைத்த கோப்பிலும் தரவு நாள்வாரியாகவே துண்டாக்கப்பட்டிருந்தால் (துண்டு என்பது ஒரே தடவையில் படிக்கப்படும் தரவுத் தொகுதி), ஒரே ஒரு புள்ளியின் வரலாற்றுக்கும் ஒவ்வொரு நாளின் துண்டையும் விரித்தாக வேண்டும். 1440 × 720 கட்டங்கள் கொண்ட இந்த வலையை, துண்டுக்கு 365 நாள், 120 × 120 கட்டம் என்று பிரித்து, துண்டுகளைத் தனித்தனியாகச் சேமிக்கும் ஸார் வடிவில் எழுதிப் பாருங்கள். 365 நாளுக்கு 72 துண்டுகள் வரும்; அவற்றில் நினோ 3.4 பகுதி விழுவது 4 துண்டுகளில் மட்டுமே. ஆனால் இந்த அமைப்பில் ஒரு நாள் படத்துக்கு ஓராண்டுத் தரவு முழுவதையும் படிக்க நேரிடும் என்பதால், மூலக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள்.

பழைய_வானிலையாளர்:
துண்டு வடிவத்தைவிட முதலில் கவனிக்க வேண்டியவை உண்டு. இத்தரவில் தீர்க்கரேகை 0 முதல் 360 வரை ஓடுவதால், மேற்கு 170 முதல் 120 வரையிலான நினோ 3.4 பகுதியை 190 முதல் 240 என்று கேட்க வேண்டும். அண்மை நாட்களின் கோப்புகள் முதனிலைப் பதிப்புகள். ஏறத்தாழ இரு வாரங்களில் இறுதிப் பதிப்பு வரும்போது அவற்றை மாற்றாவிட்டால், ஒரே நாள் இருமுறை இடம்பெற்றுத் தொடர் குலைந்துவிடும். கோப்பிலேயே உள்ள விலகல் மதிப்பு (வழக்கமான வெப்பநிலையிலிருந்து உள்ள வேறுபாடு) 1971–2000 சராசரியை ஒட்டியது; 1991–2020 அடிப்படை வேண்டுமென்றால் விலகலைத் தாங்களே கணக்கிட வேண்டும்.

கடலாய்வு_மாணவி:
மிக்க நன்றி, ஐயா. மூலக் கோப்புகள், ஸார் வடிவம் என இரு நகல்களையும் வைத்திருக்க வட்டில் இடம் போதுமா என்பதுதான் ஐயம்.

தரவுக்காரன்:
மூலத்தில் மதிப்புகள் 16 பிட் முழு எண்களாகவும் 0.01 பெருக்குக் காரணியுடனும் (சேமித்த எண்ணை 0.01 ஆல் பெருக்கினால் வெப்பநிலை கிடைக்கும்) உள்ளன. எழுதும்போது அதையே தக்கவைத்தால், அழுத்துவதற்கு முன்பே வெப்பநிலை மட்டும் சுமார் 33 ஜிகாபைட்டில் அடங்கிவிடும். 32 பிட்டாக விரித்தால் இருமடங்காகும். புதிய நாட்களை அன்றாடம் சேர்க்காமல், இறுதிப் பதிப்பு வந்தபின் மாதம் ஒருமுறை மொத்தமாகச் சேருங்கள். இல்லாவிட்டால் கடைசித் துண்டுகளை நாள்தோறும் திருப்பி எழுத நேரும்.