பெரியப்பா அனுப்பின பனி வீடியோ

பெரியப்பா: (ஃபார்வர்டு) கடலுக்கடியில் பிளாஸ்டிக் மழை!!! விஞ்ஞானிகள் மறைக்கும் உண்மை. பத்து குழுக்களுக்கு அனுப்பவும்.

பெரியப்பா: (வீடியோ 0:42)

அம்மா: ஐயோ அத்தான், காலங்காத்தால இதையா பாக்கணும். எவ்வளவு தூசு!

கவின்: பெரியப்பா, மறைக்கிற விஞ்ஞானி ஒருத்தங்க நம்ம குழுவுலயே இருக்காங்க. @தேனு அக்கா

தேனு அக்கா: மறைக்கலடா, தூங்கிட்டு இருந்தேன்.

தேனு அக்கா: அப்பா, அது பிளாஸ்டிக் மழை இல்ல. கடல் பனி. மேல வெளிச்சத்துல வளர்ற நுண்பாசி செத்து, குட்டி உயிரிங்களோட எச்சம், சளி, கழட்டிப் போட்ட தோலு எல்லாத்தோடயும் ஒட்டிக்கிட்டு விழுது. 1950களின் தொடக்கத்துல ஒரு நீர்மூழ்கிக் கலத்துல கடலுக்குள்ள இறங்கிப் பார்த்த ஜப்பான் ஆய்வாளர்கள் வச்ச பேர் இது. துளித்துளியா பிளாஸ்டிக்கும் இப்ப அதுல மாட்டிக்குது, அது உண்மைதான். ஆனா வீடியோவுல பறக்கிறதெல்லாம் பிளாஸ்டிக்னா நான் இந்நேரம் வேற வேலை தேடியிருப்பேன்.

பெரியப்பா: பனின்னா வெள்ளையா இருக்கணும். நீ சொல்றது குப்பை.

தேனு அக்கா: லைட் படறதால வெள்ளை. பாட்டில்ல பிடிச்சுப் பார்த்தா பழுப்பு.

அம்மா: அதைப் போய் எப்படிடி பாட்டில்ல பிடிப்பீங்க?

தேனு அக்கா: பெரிய புனல் சித்தி. அடியில வட்டமா பாட்டில் வரிசை, ஒவ்வொண்ணுலயும் அழுகாம இருக்க ஃபார்மலின் கலந்த உப்புத் தண்ணி. கயித்துல கட்டி ஆழத்துல விட்டுட்டு வந்துடுவோம். ரெண்டு வாரத்துக்கு ஒரு பாட்டில்னு மோட்டார் தானா திருப்பி வைக்கும். ஒரு வருஷம் கழிச்சு எடுத்தா அடியில விரற்கடை கூட இருக்காது, பென்சில் சீவின தூள் மாதிரி. சில மாசத்துப் பாட்டில் காலி. ஒரு பாட்டில் மட்டும் திடீர்னு பாதி நிரம்பியிருக்கும். மேல பாசி பெருகிச் செத்த வாரம் எதுன்னு அதை வச்சே சொல்லிடலாம்.

தேனு அக்கா: மைக்ராஸ்கோப்ல வச்சா கோபிபாட்னு இறால் ஜாதியில ஒரு துளியூண்டு பிராணி, அதோட எச்சம் குட்டிக் குட்டி உருளையா, மாத்திரை மாதிரி தெரியும். சுத்தி மெல்லிசா ஒரு உறை. கிரில்னு குட்டி இறால் மாதிரி ஒண்ணு, அதோட எச்சம்னா நூல் நூலா.

கவின்: அக்கா பிஎச்டி வாங்கினது இதுக்குத்தானா 😂

தேனு அக்கா: சிரிடா. அந்த எச்சமும் சளியும் இல்லன்னா பாசி காத்துலேர்ந்து இழுத்த கார்பன் இவ்வளவு ஆழத்துக்குப் போகாது. தனியா ஒரு பாசி செல் ஒரு நாளைக்கு ஒரு மீட்டர் இறங்கினாலே பெருசு. 4,000 மீட்டருக்குக் கணக்குப் போடு.

கவின்: 11 வருஷம் 😳

தேனு அக்கா: அதுக்குள்ள யாராவது தின்னுடுவாங்க. சளியில ஒட்டித் துணுக்கா ஆனா நாளைக்கு 100 மீட்டர் வரைக்கும், சில சமயம் அதுக்கு மேலயும் போகும். சால்ப்னு கண்ணாடி மாதிரி ஒரு பிராணி இருக்கு, அதோட எச்சம் 1,000 மீட்டர் கூட இறங்கும். நாலே நாள்ல தரை. டயாட்டம்கிற பாசியோட சிலிக்கா ஓடு, வேற சில பாசியோட சுண்ணாம்பு ஓடு, காத்துல வந்து விழற மண்ணு, இதெல்லாம் உள்ள மாட்டினா கூடுதல் பாரம், இன்னும் வேகம்.

பெரியப்பா: எல்லாம் தரைக்குப் போய்ச் சேருதா?

தேனு அக்கா: எங்கப்பா. மேல உருவானதுல நூத்துல ஒரு பங்கு கூட தரை சேராது. வழியெல்லாம் பாக்டீரியா அரிக்கும், மத்ததுங்க தின்னும், தின்னது மூச்சு விட்டா திரும்ப கார்பன் டை ஆக்சைடு. ஆழம் போகப் போக எவ்வளவு குறையுதுன்னு ஜான் மார்ட்டின்னு ஒரு கடல் விஞ்ஞானி 1987ல ஒரு வளைகோடு போட்டார். இன்னிக்கும் அதை வச்சுத்தான் சண்டை போட்டுக்கறோம். 100 மீட்டர்ல சிதைஞ்சா குளிர்காலத்துல தண்ணி கலங்கும்போது காத்துக்கே திரும்பிடும். 1,000 மீட்டரைத் தாண்டிட்டா மேல வர நூற்றாண்டுக் கணக்காகும்.

தேனு அக்கா: இந்த இறக்கம் நின்னுட்டா காத்துல கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்கு 150லிருந்து 200 பங்கு வரைக்கும் கூடும்னு மதிப்பீடு. இப்ப இருக்கறதே 420க்கு மேல.

அம்மா: மீன் எதுவும் இதைக் கீழ கொண்டு போகாதா?

தேனு அக்கா: கொண்டு போகும் சித்தி. மீனு, கிரில்லு, கோபிபாட்டு, நிறைய ராத்திரி மேல வந்து தின்னுட்டு, விடியறதுக்குள்ள சில நூறு மீட்டர் கீழ போய் ஒளிஞ்சுக்கும். தின்னதைக் கழிக்கறது கீழதான். ரெண்டாம் உலகப் போர் சமயத்துல, ஒலியை அனுப்பி ஆழம் பாக்கற சோனார்ல இந்தக் கூட்டம் கடல் தரை மாதிரியே தெரிஞ்சு கப்பல்காரங்க குழம்பிப் போனாங்க.

அம்மா: ராத்திரி ஃபிரிட்ஜைத் திறந்து தின்னுட்டு பகல்ல ரூமுக்குள்ள ஒளியறது. நம்ம வீட்டுலயும் ஒண்ணு இருக்கு.

கவின்: அம்மா 🙏

கவின்: அக்கா சீரியஸா. இரும்புத் தூளைக் கொட்டினா பாசி நிறைய வளரும்னு படிச்சேன். கொட்டிட்டாப் பிரச்சினை முடிஞ்சுதே?

தேனு அக்கா: அதுவும் அதே மார்ட்டின்தான். அரை டேங்கர் இரும்பு கொடுங்க, ஒரு பனியுகமே தர்றேன்னு 1988ல பாதி விளையாட்டா சொன்னார். தெற்குப் பெருங்கடல்ல மத்த சத்து இருந்தும் இரும்பு இல்லாம பாசி தவிக்குது, அது நிஜம். 2004ல கொட்டிப் பார்த்தாங்க. டயாட்டம் பெருகி, கட்டிக் கட்டியா ஒட்டி, பாதிக்கு மேல 1,000 மீட்டரைத் தாண்டி இறங்கிடுச்சு.

கவின்: பாத்தீங்களா!

தேனு அக்கா: அவசரப்படாத. 2009ல இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து 300 சதுர கிலோமீட்டர்ல திரும்பச் செஞ்சாங்க, லோஹாஃபெக்ஸ்னு பேர். அந்தத் தண்ணியில சிலிக்கா கம்மி, டயாட்டம் வரல. ஓடில்லாத பாசி வளர்ந்துச்சு, கோபிபாட் வந்து மேய்ஞ்சுடுச்சு. கீழ போனது ரொம்பக் கொஞ்சம். இரும்பு அதேதான். அங்க யார் வளர்றாங்க, யார் தின்னறாங்கன்றது வேற.

கவின்: சரி, டேங்கரைத் திருப்பி அனுப்பிட்டேன்.

பெரியப்பா: அப்போ அந்தக் குழுவுல போய் பிளாஸ்டிக் இல்ல, பூச்சி எச்சம்னு போட்டுடவா?

தேனு அக்கா: எச்சமும் சளியும்னு போடுங்கப்பா. பூச்சியும் இல்ல அது.

பெரியப்பா: போட்டாச்சு.

பெரியப்பா: அட்மின் என்னைத் தூக்கிட்டாரு.