கியூபாவில் தலைவர் பெயரைச் சொல்லாமல் எப்படிக் கிண்டல் செய்கிறார்கள்?

கேள்வி:
ஸ்பானிஷ் பழகுவதற்காக 'விவிர் தெல் குவென்தோ' என்ற கியூப நகைச்சுவைத் தொடரைப் பார்க்கிறேன். பான்ஃபிலோ என்ற கிழவர் ரேஷன் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு புலம்புகிறார், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. 2016இல் ஹவானா வந்த ஒபாமாவே அவரோடு டோமினோ ஆடினார். அரசுத் தொலைக்காட்சியில் இதையெல்லாம் எப்படி விடுகிறார்கள்?

பதில் 1:
நான் 2015இல் ஹவானாவில் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தேன். முதல் நாளே வீட்டுக்கார அம்மா ஃபிரிட்ஜைத் திறந்து, "இது தேங்காய்" என்றார். எனக்குப் புரியவில்லை. உள்ளே பார்த்தால் தண்ணீர் பாட்டில்கள் மட்டும். அவரே முதலில் சிரித்தார்.

சோவியத் உதவி நின்றுபோன தொண்ணூறுகளின் பஞ்ச காலத்து நகைச்சுவை இது. அப்போது மின்சாரம் போவது செய்தியே இல்லையாம், வந்தால்தான் செய்தி. அதனால் மின்வெட்டுக்கு 'அபகோன்' என்று பெயர் இருக்க, மின்சாரம் வருவதற்கு 'அலும்ப்ரோன்' என்று ஒரு சொல்லையே உண்டாக்கிவிட்டார்கள். இன்னொரு கிண்டல்: புரட்சியின் சாதனைகள் மூன்று: கல்வி, மருத்துவம், விளையாட்டு. தோல்விகளும் மூன்றுதான்: காலை உணவு, மதிய உணவு, இரவு உணவு.

கவனித்தீர்களா, யார் பெயரும் இல்லை. வயிறு மட்டும் பேசுகிறது. பான்ஃபிலோவும் அப்படித்தான். 1962இலிருந்து இருக்கும் 'லிப்ரேத்தா' என்ற அந்த ரேஷன் புத்தகத்தைத்தான் திட்டுவார், கொடுத்தவரை அல்ல. (அவராக நடிக்கும் லூயிஸ் சில்வா கிழவரே இல்லை!)

கேட்டவர்:
சரி, வீட்டுக்குள்ளாவது பெயர் சொல்வார்களா?

பதில் 1:
எங்கே! இல்லாத தாடியைத் தடவிக் காட்டுவார்கள். அது ஃபிடல் காஸ்ட்ரோ. அவ்வளவுதான், வாக்கியம் முடிந்தது.

பதில் 2:
இதை ஃபிடல் காலத்தோடு நிறுத்திவிடாதீர்கள். எதையும் மதிக்காமல் கேலி செய்யும் இந்தப் பழக்கத்துக்கு அங்கே 'சோத்தேயோ' என்று பெயர். ஹோர்ஹே மன்யாச் என்ற கியூப எழுத்தாளர் 1928லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார், அதுவும் பாராட்டி அல்ல. எதையும் உருப்படியாகச் செய்ய விடாத குணம் என்பது அவர் குறை. எனக்கும் அதில் பாதி உடன்பாடு. சிரித்துவிட்டு மறுபடியும் வரிசையில் போய் நிற்பதுதானே நடக்கிறது?

பதில் 1:
இருக்கலாம். வரிசையில் நிற்காமல் அரிசி வருமா என்று அந்த அம்மா கேட்பார்.

அப்புறம் ஒன்று. ஒரு திங்கள் இரவு, தொடர் பாதியில் மின்சாரம் போய்விட்டது. அந்த அம்மா பான்ஃபிலோ குரலிலேயே மீதிக் கதையைத் தானே நடித்து முடித்தார். நடுவில் ஓரிடத்தில் பேச்சை நிறுத்தினார், பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். தாடியைத் தடவினாரோ என்னவோ, இருட்டில் எனக்குத் தெரியவில்லை.