1963-இல் செய்த சங்கிலியில் 58 விழுக்காடுதான் தங்கம்: சீனப் போருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வெள்ளகோவிலுக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர். என் பெரிய அத்தை சென்ற ஆண்டு காலமானார். அவருடைய நகைகளைப் பிள்ளைகள் பிரித்துக்கொள்வதற்கு முன் மாற்றுப் பார்க்க எடுத்துச் சென்றோம். 1963 வைகாசியில் அவருடைய கல்யாணத்துக்குச் செய்த ஐந்து பவுன் சங்கிலியைக் கடைக்காரர் இரண்டு முறை காரட் மீட்டரில் வைத்தார். இரண்டு முறையும் 58 விழுக்காடு என்றே காட்டியது. அதற்கு முன்பு செய்த நகைகள் எல்லாம் 90-க்கு மேல் இருந்தன.

எங்கள் வீட்டில் இது யாருக்கும் புதிய செய்தி அன்று. அந்தச் சங்கிலி கல்யாணமான சில ஆண்டுகளுக்குள் இரண்டு முறை அற்றுப்போனதாகவும், வேறு ஊரில் காட்டியபோது மட்டமான தங்கம் என்று சொன்னதாகவும், ஊர்ப் பத்தர் செம்பைக் கலந்து ஏமாற்றிவிட்டார் என்று எங்கள் அப்பாரு (தாத்தா) சந்தையில் அவரோடு சண்டையிட்டதாகவும் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தேன். "தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான்" என்ற பழமொழியை எங்கள் வீட்டில் அந்தச் சங்கிலியோடு சேர்த்தே சொல்வார்கள். எங்கள் பங்காளிகள் யாரும் அதன்பின் அவரிடம் வேலை கொடுக்கவில்லை. அவர் பிறகு குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டார்.

இப்போது அப்பாருவின் தகரப்பெட்டியில் இரண்டு காகிதங்கள் கிடைத்தன. ஒன்று, 1962 கார்த்திகையில் தேசியப் பாதுகாப்பு நிதிக்குப் பணம் கொடுத்ததற்கான ரசீது. மற்றொன்று பத்தர் கையால் எழுதிய சீட்டு. அதில் "பழைய பொன் 3¼, சேர்மானம் 1¾, ஆக 5. 14 கா. சர்க்கார் உத்தரவுப்படி" என்று இருக்கிறது. அப்பாருவுக்குக் கையெழுத்து மட்டுமே போடத் தெரியும். அவர் இதைப் படித்திருக்க முடியாது. சீனப் போருக்குப் பின் ஏதோ தங்கச் சட்டம் வந்தது என்று என் தந்தை சொல்கிறார். அது எந்த உத்தரவு? இமயமலையில் நடந்த எல்லைப் போர் எங்கள் ஊர்ப் பத்தரின் பட்டறைக்குள் எப்படி வந்தது? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கோபி ஆசிரியர் எழுதியது:

தம்பி, அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் சொல்லப்பட்ட உத்தரவு உண்மையானது.

1962 அக்டோபர் 20 அன்று சீனப் படைகள் லடாக்கிலும், அன்று நேஃபா என்று அழைக்கப்பட்ட இன்றைய அருணாசலப் பிரதேசத்திலும் ஒரே நேரத்தில் தாக்கின. அக்டோபர் 26-இல் நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. நவம்பர் 21-இல் சீனா தானாகவே போர்நிறுத்தம் செய்தது. சண்டை நடந்தது ஒரு மாதம்தான். ஆனால் அதற்காக அறிவித்த நெருக்கடி நிலை 1968 ஜனவரி 10 வரை நீடித்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1975-இன் நெருக்கடி நிலையைப் பேசும் அளவுக்கு, ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்த இந்த முதல் நெருக்கடி நிலையை நாம் பேசுவதில்லை.

அந்த நெருக்கடி நிலையின் கீழ் இந்தியப் பாதுகாப்புச் சட்டமும் விதிகளும் வந்தன. அந்த விதிகளின் ஒரு பகுதியாகத்தான் 1963 ஜனவரி 9 அன்று தங்கக் கட்டுப்பாடு அறிவிக்கப்பட்டது. அன்றைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய். அதன்படி 14 காரட்டுக்கு மேற்பட்ட மாற்றில் புதிய நகை செய்வது குற்றம். 14 காரட் என்பது 24-இல் 14 பங்கு, அதாவது 58.3 விழுக்காடு. உங்கள் அத்தையின் சங்கிலி காட்டிய எண் அதுவேதான். ஏற்கெனவே இருந்த நகையை வைத்துக்கொள்ளத் தடை இல்லை. கட்டியாகவும் காசாகவும் இருந்த தங்கத்துக்கு மட்டும் கணக்குக் காட்ட வேண்டும். பொங்கலுக்குச் சில நாள்களே இருந்த வேளையில், தை முகூர்த்தங்களுக்கு ஊரெங்கும் நகை சொல்லி வைத்திருந்த நேரத்தில் அந்த அறிவிப்பு வந்தது.

உங்கள் பத்தர் சட்டத்தை மீறாமல் செய்திருக்கிறார். மீறி 22 காரட்டில் செய்திருந்தால் அவர் சிறைக்குப் போகவும் நேர்ந்திருக்கும்.

ஈரோட்டுக் கணக்கர் எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்ன தேதிகளில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் எல்லாவற்றையும் போரின்மேல் ஏற்றுவது சரியா என்று கேட்க விரும்புகிறேன். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்திலேயே, 1957 முதல், நாட்டில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. தங்கக் கடத்தலும் அப்போதே பெருந்தொல்லை. மக்கள் தங்கம் வாங்கும் பழக்கத்தைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் நிதியமைச்சகத்தில் போருக்கு முன்பே இருந்தது. 1962 நவம்பரில் வெளியிட்ட தங்கப் பத்திரத்துக்கு ஆறரை விழுக்காடு வட்டி அறிவித்தார்கள். ஆனால் தங்கத்தை உலக விலைக்கே ஏற்றுக்கொண்டார்கள். உள்நாட்டுச் சந்தை விலை அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தபோது, விவரம் தெரிந்தவர் எவர் கொடுப்பார்? அத்திட்டம் எதிர்பார்த்த தங்கத்தைக் கொண்டுவராத நிலையில்தான் கட்டுப்பாடு வந்தது. ஆகவே இது போரின் விளைவு என்பதைவிட, போரைக் காரணம் காட்டிச் செய்த பொருளாதார முயற்சி என்பதே என் கருத்து.

கோபி ஆசிரியர் எழுதியது:

நீங்கள் சொல்லும் பின்னணியை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் எண்ணம் இருப்பது வேறு, அதைச் செய்யும் அதிகாரம் கையில் கிடைப்பது வேறு. சாதாரணக் காலத்தில், கல்யாணத் தங்கத்தில் எவ்வளவு செம்பு கலக்க வேண்டும் என்று நாட்டின் ஒவ்வொரு வீட்டுக்கும் கட்டளையிடும் விதியை நாடாளுமன்றத்தின் முழு விவாதம் இல்லாமல் கொண்டுவந்திருக்க முடியாது. போர்க்காலச் சட்டம் அந்த வழியைத் திறந்தது. நெருக்கடி நிலை 1968 தொடக்கத்தில் முடிந்து, பாதுகாப்பு விதிகளும் அவ்வாண்டின் நடுவில் காலாவதியாக இருந்த நேரத்தில் அவசரச் சட்டம் பிறப்பித்து, பின் அதையே 1968-இன் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமாக்கினார்கள். 14 காரட் வரம்பு அதற்கு முன்பே கைவிடப்பட்டது என்றாலும் உரிமம், பதிவேடு, சோதனை எல்லாம் தொடர்ந்தன. அச்சட்டம் நீக்கப்பட்டது 1990-இல், மது தண்டவதே நிதியமைச்சராக இருந்தபோது. ஒரு மாதப் போருக்காகப் பிறந்த விதி இருபத்தேழு ஆண்டுகள் இருந்திருக்கிறது.

நம் கொங்கு நாட்டுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. போர்க்காலத்தில் எஃகு, கனரகத் தொழில் துறை அமைச்சராக இருந்தவர் பொள்ளாச்சிப் பகுதியில் பிறந்த சி. சுப்பிரமணியம். திட்டங்களுக்கு என்று வைத்திருந்த பணம் படைக்குத் திரும்பிய அந்த ஆண்டுகளின் நெருக்கடியை உள்ளிருந்து பார்த்தவர் அவர். 1964-இல் உணவுத் துறைக்கு வந்தபோது வேளாண்மைக்காக அவர் போராடியதை அந்தப் பின்னணியோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

மலைப்படை எழுதியது:

நான் பெருந்துறையைச் சேர்ந்தவன். படையில் இருந்தபோது தவாங் பகுதியில் இரண்டு குளிர்காலங்கள் பணியாற்றினேன். கேள்வி கேட்டவர் "இமயமலையில் நடந்த போர்" என்று எழுதியதால், அங்கே போருக்குப் பின் என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அந்த உத்தரவுகள் ஏன் இவ்வளவு காலம் நீடித்தன என்பதற்கும் அதில் விடை இருக்கிறது.

போர்நிறுத்தத்துக்குப் பின் சீனப் படை கிழக்கில், இந்தியா எல்லையாகக் கொள்ளும் மக்மகான் கோட்டுக்கு அப்பால் திரும்பிச் சென்றது. மேற்கில் ஏறத்தாழ 38,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அக்சாய் சின்னை விடவில்லை. சிறைப்பட்ட ஏறத்தாழ 3,900 இந்திய வீரர்களை 1963 மே மாதத்துக்குள் திருப்பி அனுப்பினார்கள். லடாக்கின் ரேசாங் லா கணவாயில் மேஜர் சைத்தான் சிங்கோடு இறுதிவரை நின்று இறந்தவர்களின் உடல்கள், பனிக்காலம் முழுதும் அங்கேயே கிடந்து 1963 பிப்ரவரியில்தான் கண்டெடுக்கப்பட்டன. துப்பாக்கியைக் கையில் பிடித்தபடியே சிலர் உறைந்திருந்தார்கள். வெலிங்டனில் பயிற்சி பெற்ற காலத்தில் அதை எங்களுக்குச் சொன்னவர், ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் கழித்தே தொடர்வார்.

ஆனால் எந்த உடன்படிக்கையும் கையெழுத்தாகவில்லை. 1962 டிசம்பரில் இலங்கைப் பிரதமர் சிரிமாவோ பண்டாரநாயக்க ஆறு நாடுகளைக் கொழும்பில் கூட்டி ஒரு சமரசத் திட்டம் தந்தார். இந்தியா ஏற்றது, சீனா சில மறுப்புகளோடு ஏற்பதாகச் சொன்னதால் அது நடைபெறவில்லை. தூதர்கள் மீண்டும் பரிமாறிக்கொள்ளப்பட்டது 1976-இல். திபெத்தோடு கம்பளி வணிகம் நடந்த நாதுலா கணவாய் மீண்டும் திறந்தது 2006-இல். எல்லைக்கோடு இன்றுவரை வரையறுக்கப்படவில்லை. 2020-இல் கல்வானில் 20 வீரர்களை இழந்தோம். உடன்படிக்கை இல்லாததால், போர் முடிந்துவிட்டது, இனி இந்த விதிகள் வேண்டாம் என்று யாரும் சொல்லக்கூடிய நாள் வரவேயில்லை. 1965-இல் பாகிஸ்தானோடு போர் மூண்டது. நெருக்கடி நிலை அப்படியே தொடர்ந்தது.

அசாமில் மாக்கும் என்ற ஊரில் தலைமுறைகளாக வாழ்ந்த சீன வம்சாவளியினர் பலரை, குழந்தைகளோடு, ராஜஸ்தானின் தேவ்லி முகாமுக்கு ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். நாடெங்கிலுமிருந்து ஏறத்தாழ 3,000 பேர் அங்கே அடைக்கப்பட்டார்கள். சிலர் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் செய்த குற்றம் எதுவும் விசாரணையில் நிறுவப்படவில்லை. நாட்டுக்காகப் பணியாற்றியவன் என்ற முறையிலேயே இதை வருத்தத்தோடு எழுதுகிறேன்.

கும்பட்டி எழுதியது:

கோவை செல்வபுரத்தில் பட்டறை வைத்திருக்கும் பத்தர் குடும்பம் எங்களுடையது. பழமொழியைப் படித்தபோது மனம் நொந்தது. கேட்டவர் தீய எண்ணத்தோடு எழுதவில்லை என்பதும் புரிகிறது. முதலில் கணக்கைப் பார்ப்போம்.

3¼ பவுன் என்பது 26 கிராம். அது 22 காரட் என்றால் அதில் சுத்தத் தங்கம் 23.8 கிராம். செய்து கொடுத்த சங்கிலி 5 பவுன், 40 கிராம். அதில் 58.3 விழுக்காடு என்றால் சுத்தத் தங்கம் 23.3 கிராம். குறைந்தது அரை கிராம். உருக்கி, கம்பி இழுத்து, வளையம் வளையமாகப் பற்றவைத்துச் செய்த ஐந்து பவுன் சங்கிலிக்கு அது நியாயமான சேதாரம். அந்தச் சேதாரம் போக, உங்கள் அப்பாரு கொடுத்த பொன் முழுவதும் அந்தச் சங்கிலியில் இருக்கிறது. கலந்த 1¾ பவுனையும் "சேர்மானம்" என்று அவர் மறைக்காமல் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அற்றுப்போனதற்கும் காரணம் உண்டு. 22 காரட் பொன் கம்பிச்சட்டத்தில் நூல்போல இழுபடும். 14 காரட் விறைப்பானது. அடிக்கடி சுட்டுப் பதப்படுத்தாவிட்டால் நடுவில் முறியும். உருகும் சூடும் குறைவு. தலைமுறையாகப் பழகிய பொடியை, அதாவது பற்றவைக்கும் உலோகக் கலவையை, வைத்து ஊதினால், பொடி இளகுவதற்குள் வளையமே இளகிவிடும். இளகுதன்மை கூடிய வேறு பொடியைப் பத்தர்கள் தாங்களே கூட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. தொடக்கத்தில் செய்தவற்றில் பற்றுவைத்த இடம் உறுதியாக நிற்கவில்லை. நிறமும் வெளுத்துச் சிவந்திருக்கும்.

என் தாத்தா பட்டறையில் அப்போது ஆறு பேர் வேலை செய்தார்கள். 14 காரட் என்றால் வேண்டாம் என்று வாடிக்கையாளர்கள் திரும்பிப் போனார்கள். ஆறு மாதத்தில் தாத்தா மட்டும் மிஞ்சினார். என் பெரியப்பா பஞ்சாலைக்குப் போனார். பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டே ஓய்வு பெற்றார், பத்தரின் நெருப்புச் சட்டியான கும்பட்டியின் முன் மீண்டும் உட்காரவேயில்லை. நாடு முழுதும் பத்தர்கள் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் நாடாளுமன்றம் வரை போயின. பிள்ளைகளுக்குக் கல்விச் சலுகை, மாற்றுத் தொழிலுக்குக் கடன் என்று அரசு அறிவித்தது உண்மைதான். நாற்பது வயதில் ஊதுகுழலைத் தவிர எதையும் பிடித்தறியாத கைக்கு அந்தக் கடன் என்ன செய்யும்?

தாத்தா ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் உத்தரவைப் பற்றிச் சொன்னாராம். சர்க்கார் வந்து தாலிக்கொடியில் செம்பு கலக்கச் சொல்லுமா என்று சிரித்துவிட்டுப் போனவர்களே அதிகம். உங்கள் ஊர்ப் பத்தரும் சொல்லியிருப்பார். நம்பவில்லை என்றால் என்ன செய்வது என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நொய்யல்கரை எழுதியது:

ஆசிரியர் ஐயா, கணக்கர் ஐயா, மலைப்படை அண்ணா, எல்லோருக்கும் நன்றி. கும்பட்டி அண்ணா, அந்தப் பழமொழியை யோசிக்காமல் எழுதியதற்கு மன்னிக்க வேண்டும். உங்கள் கணக்கை என் தந்தைக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். சந்தையில் அப்பாரு பத்தரின் துண்டைப் பிடித்து இழுத்தபோது தானும் பக்கத்தில் நின்றதாகவும், பத்தர் ஒரு காகிதத்தைக் காட்டிக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்ததாகவும் இன்று முதன்முறையாகச் சொன்னார்.

சீட்டின் அடியில் ஒரு சிறிய முத்திரை இருக்கிறது; வட்டத்துக்குள் ஒரு தராசுபோலத் தெரிகிறது. அவர் கோவைப் பக்கம் போனதாகத்தான் ஊரில் சொல்கிறார்கள். உங்கள் பகுதியில் பெரியவர்கள் யாரேனும் இதை அடையாளம் காண முடியுமா?

கும்பட்டி எழுதியது:

முடியலாம். அந்தக் காலத்தில் காங்கயம், வெள்ளகோவில் பக்கமிருந்து வந்து இங்கே தங்கிய குடும்பங்கள் சில செல்வபுரத்திலும் தெலுங்குபாளையத்திலும் உண்டு. என் சித்தப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. பழைய முத்திரைகள் அவருக்கு நினைவிருக்கும். சீட்டின் படம் போதாது, காகிதத்தையே கொண்டு வாருங்கள். சங்கிலியை இப்போதைக்கு உருக்கக் கொடுக்க வேண்டாம். வளையம் கோத்த விதத்தைப் பார்த்தும் கையைச் சொல்லிவிடுவார்.

நொய்யல்கரை எழுதியது:

வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் எடுத்துக்கொண்டு வருகிறோம், அண்ணா. என் தந்தையும் வருகிறார்.