கணவருக்குத் தெரியாமல் பிறந்தநாள் பயணம்: டிக்கெட்டில் பெயர் தவறு, ரகசியமும் பாதி கசிந்துவிட்டதோ என்று பயம்

கேள்வி

அடுத்த மாதம் என் கணவருக்கு 40 வயது நிறைகிறது. எங்களுக்குத் திருமணமாகி 11 ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை நாங்கள் போன எல்லாப் பயணங்களுக்கும் ஏற்பாடு செய்தவர் அவர்தான். டிக்கெட், ஓட்டல் அறை, எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது என்பது வரை அவரே பார்த்துக்கொள்வார். நான் பெட்டியை மட்டும் அடுக்குவேன். இந்த ஒரு முறையாவது எந்தக் கவலையும் இல்லாமல் அவர் வந்து உட்கார வேண்டும் என்பது என் ஆசை. நாங்கள் இருவரும் பார்த்திராத ஒரு வெளிநாட்டு நகரத்தில் இரண்டு இரவுகள். வெள்ளி மதியம் கிளம்பி ஞாயிறு இரவு திரும்புவோம். மகளை என் அம்மா பார்த்துக்கொள்வார்.

ஒன்றரை ஆண்டாக என் சம்பளத்திலிருந்து மாதாமாதம் ஒதுக்கி வைத்த பணம் இருக்கிறது. கணக்குப் பார்க்காமல் செலவழிக்க முடியாது; அதே சமயம் ஒவ்வொரு காசுக்கும் தயங்க வேண்டிய நிலையும் இல்லை.

இப்போது நான்கு சிக்கல்கள்.

விமான டிக்கெட்டைப் போன வாரமே எடுத்துவிட்டேன். அவசரத்தில் அவருடைய முதல் பெயரை, நாங்கள் கூப்பிடும் சுருக்கப் பெயராகவே அடித்துவிட்டேன். குடும்பப் பெயர் சரியாக இருக்கிறது. பாஸ்போர்ட்டில் முழுப் பெயர் இருப்பது நேற்று இரவுதான் உறைத்தது. அதிலிருந்து தூக்கம் இல்லை.

இரண்டாவது, எங்கள் சமையலறை மேடையில் ஒரு டேப்லெட் எப்போதும் சாய்த்து வைத்திருக்கும். அதில் என் மின்னஞ்சல் திறந்தே கிடக்கிறது என்பதை மறந்துவிட்டேன். முந்தாநாள் இரவு அவர் தண்ணீர் குடிக்க வந்து நின்றபோது திரை பளிச்சென்று ஒளிர்ந்து, ‘உங்கள் பயணத்துக்கு இன்னும் 30 நாட்கள்’ என்று காட்டியது. மேடையைத் துடைப்பதுபோல் ஈரத்துணியை எடுத்து அதன்மேல் போட்டேன். அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாவது, அறை. நகரின் நடுவில் சின்ன அறை ஒன்று, ஊருக்கு வெளியே இரட்டிப்பு அளவில் ஓர் அறை. இரண்டும் ஒரே விலை. எதை எடுப்பது?

நான்காவது, அவருடைய அலுவலக விடுப்பு. அவருக்குத் தெரியாமல் அவருடைய மேலாளரிடம் நான் பேசலாமா?

அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1

முதலில் பெயர் விஷயத்தை முடியுங்கள் சகோதரி, மற்றவை காத்திருக்கும். சர்வதேசப் பயணத்தில் டிக்கெட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். விமான நிறுவனங்கள் பெயர் திருத்தத்தையும் பெயர் மாற்றத்தையும் வேறுவேறாகப் பார்க்கின்றன. ஒருவருடைய டிக்கெட்டை இன்னொருவருக்கு மாற்றுவதைப் பெரும்பாலான நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. சில மட்டும் கனத்த கட்டணம் வாங்கிக்கொண்டு செய்கின்றன. அதே ஆளின் எழுத்துப்பிழையையோ சுருக்கப் பெயரையோ திருத்துவது அப்படியல்ல. பெரும்பாலும் செய்து கொடுப்பார்கள். அதனால் பேசும்போது ‘பெயரை மாற்ற வேண்டும்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘அதே பயணிதான், பாஸ்போர்ட்டில் உள்ளபடி திருத்த வேண்டும்’ என்று சொல்லுங்கள். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லுங்கள்.

டிக்கெட்டை எங்கே எடுத்தீர்களோ அங்கேதான் கேட்க வேண்டும். இடைத்தரகர் தளத்தில் எடுத்திருந்தால், விமான நிறுவனம் உங்களை அவர்களிடமே திருப்பி அனுப்பும். ஆன்லைன் செக்-இன் திறப்பதற்குள் முடித்துவிடுங்கள். அதன் பிறகு ஒவ்வொன்றும் கடினம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு தகவல். அமெரிக்காவுக்குப் போகும், அங்கிருந்து கிளம்பும் பயணங்களுக்கு, கிளம்ப 7 நாட்களாவது இருக்கும்போது விமான நிறுவனத்திடம் நேரடியாக டிக்கெட் எடுத்தால், 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்யவோ, பணம் கட்டாமல் அதே விலையை 24 மணி நேரம் பிடித்து வைக்கவோ விதி இருக்கிறது. எல்லா நாட்டுக்கும் அது பொருந்தாது. அதனால் எங்கே எடுத்தாலும் அந்த முதல் ஒரு மணி நேரத்தில் டிக்கெட்டை ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுவது நல்லது.

பாஸ்போர்ட்டை எடுக்கும்போதே காலாவதித் தேதியையும் பாருங்கள். பல நாடுகள் 6 மாதம் மீதி கேட்கின்றன. ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகள்), அங்கிருந்து திரும்பும் நாளிலிருந்து 3 மாதமாவது மீதி இருக்க வேண்டும். பாஸ்போர்ட் வழங்கி 10 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது.

பதில் 2

மின்னஞ்சலை மட்டும் மூடினால் போதாது. ஜிமெயிலுக்கு வரும் விமான, ஓட்டல் பதிவுகளைக் கூகுள் காலண்டர் தானாகவே எடுத்து நாளில் குறித்துவிடும். கணவன் மனைவி இருவரும் ஒரே காலண்டரைப் பகிர்ந்திருந்தால் அவருடைய கைபேசியிலும் அது தெரியக்கூடும். காலண்டர் அமைப்பில் ஜிமெயில் நிகழ்வுகளுக்கான பகுதியில் அதை நிறுத்திவிடலாம். இன்னும் எளிய வழி, இந்தப் பயணத்துக்கென்றே புதிய மின்னஞ்சல் முகவரி ஒன்றைத் தொடங்கி, மீதமுள்ள பதிவுகளுக்கெல்லாம் அதையே கொடுப்பது.

பொதுக் கணக்கு அட்டையில் பணம் கட்டினால் குறுஞ்செய்தி அவருக்கும் போகலாம். உங்கள் சேமிப்பு தனிக் கணக்கில் இருந்தால் அந்த அட்டையையே பயன்படுத்துங்கள். அப்புறம், வீட்டிலுள்ள பொதுக் கருவியில் அந்த நகரத்தின் பெயரைத் தேடாதீர்கள். தேடினால் அடுத்த ஒரு வாரத்துக்கு அந்த ஊரின் ஓட்டல் விளம்பரங்கள் அவர் கண்ணிலும் படும்.

மகளிடம் சொல்லிவிட்டீர்களா? சொல்லவில்லையென்றால் சொல்லவே வேண்டாம். பெரிய ரகசியத்தைச் சுமப்பது குழந்தைக்குப் பாரம்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இன்று காலை விமான நிறுவனத்தை அழைத்தேன். நீங்கள் சொன்னபடியே, டிக்கெட் எடுத்த தளத்திடம் கேட்கச் சொல்லிவிட்டார்கள். அங்கே 40 நிமிடம் காத்திருந்தேன். ‘பெயர் மாற்றம் முடியாது’ என்று முதலில் ஒரே வார்த்தையில் மறுத்தார்கள். ‘மாற்றம் இல்லை, அதே பயணியின் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி திருத்த வேண்டும்’ என்று மறுபடியும் சொன்ன பிறகு பாஸ்போர்ட்டின் படத்தை அனுப்பச் சொன்னார்கள். சிறு கட்டணத்தோடு மாலைக்குள் புதிய டிக்கெட் வந்துவிட்டது. எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துவிட்டேன். பாஸ்போர்ட் இன்னும் 4 ஆண்டுகளுக்குச் செல்லும். விசாவும் எங்களுக்குத் தேவையில்லை.

மகளிடம் சொல்லவில்லை.

பதில் 3

விசா தேவையில்லாத நகரமாகத் தேர்ந்தெடுத்தீர்களே, அதுவே பாதி வெற்றி. பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். விசா வேண்டுமென்றால் விண்ணப்பத்தில் அவருடைய கையெழுத்தும் பல நாடுகளுக்குக் கைரேகையும் வேண்டும். அதற்குப் பிறகு என்ன ரகசியம்?

அறை விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை: நடுவில் இருக்கும் சின்ன அறை. மொத்தமே இரண்டு இரவு. வெளியில் தங்கினால் தினமும் போகவர ஒன்றரை மணி நேரம் போய்விடும். கடைசி ரயிலைப் பிடிக்க இரவு சீக்கிரமே எழுந்து ஓட வேண்டும். ஓட முடியாத இரவில் டாக்ஸிக்குக் கொடுக்கும் பணம் தனிச் செலவு. நடுவில் தங்கினால் மதியம் அறைக்கு வந்து ஒரு மணி நேரம் கால் நீட்டிவிட்டு மீண்டும் கிளம்பலாம். நாற்பதை நெருங்குகிறவர்களுக்கு அந்த ஒரு மணி நேரத்தின் அருமை தெரியும். பெரிய அறையில் நீங்கள் செய்யப்போவது தூங்குவது ஒன்றுதான்.

விலை குறைய வேண்டுமென்றால் ஒன்று பாருங்கள். அலுவலகங்கள் நிறைந்த பகுதி ஓட்டல்கள் வார நாட்களில் நிரம்பி வார இறுதியில் காலியாக இருக்கும். உங்களுடையது வெள்ளி, சனி இரவுகள். நடந்து போகும் தூரத்தில் அப்படி ஒரு பகுதி இருந்தால், சுற்றுலாப் பகுதியைவிட மலிவாகவே நல்ல அறை கிடைக்க வாய்ப்பு உண்டு. அந்த நாட்களில் நகரத்தில் பெரிய கண்காட்சியோ மாநாடோ இருக்கிறதா என்றும் தேடுங்கள். அக்டோபரில் ஃபிராங்க்ஃபர்ட் புத்தகக் கண்காட்சி நடக்கும் வாரத்தில் அங்கே அறை தேடியவர்களுக்கு நான் சொல்வது புரியும். அறையை இலவசமாக ரத்து செய்யக்கூடிய விலையில் எடுங்கள், கொஞ்சம் அதிகமானாலும். ரகசியப் பயணத்தில் எதிராளியின் நாட்காட்டி உங்கள் கையில் இல்லை.

விமானம் எந்த நிலையத்தில் இறங்குகிறது என்று பார்த்தீர்களா? மலிவு விமானங்கள் சில, நகரத்தின் பெயரைச் சொல்லி வெகுதூரத்தில் இறக்கிவிடும். பாரிஸ் பெயரில் விற்கப்படும் போவே நிலையம் பாரிஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஃபிராங்க்ஃபர்ட்-ஹான் கிட்டத்தட்ட 120 கிலோமீட்டர். அந்தப் பஸ் கட்டணத்தையும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான விலை தெரியும்.

மீதிப் பணத்தை மூன்று நாளுக்கும் சமமாகப் பிரிக்காதீர்கள். சனிக்கிழமை ஒரு பெரிய விஷயத்துக்குத் தாராளமாகச் செலவழியுங்கள், அவர் வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்படி. கச்சேரியோ, படகோ, உயரமான இடத்திலிருந்து நகரத்தைப் பார்ப்பதோ, அவருக்கு எது பிடிக்குமோ அது. மற்ற நேரத்துக்கு நடையும் இலவச இடங்களும் போதும். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் நிரந்தரக் காட்சிக்கூடங்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. மாட்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகம் தினமும் மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் இலவசம். நீங்கள் போகும் நகரத்திலும் இப்படி ஏதாவது இருக்கும், தேடுங்கள். விடுமுறை நாளையும் பாருங்கள்: பல அருங்காட்சியகங்கள் திங்களன்று மூடியிருக்கும், பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. ஆம்ஸ்டர்டாமின் ஆன் ஃபிராங்க் இல்லம் போன்ற இடங்களுக்கு ஆன்லைனில் முன்பதிவு இல்லாமல் நுழையவே முடியாது. அப்படிப்பட்ட இடம் ஏதாவது உங்கள் மனத்தில் இருந்தால் இன்றே பதிவு செய்யுங்கள்.

பதில் 4

நான் கொஞ்சம் மாறுபட்டுச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம் அம்மா.

எட்டு ஆண்டுகளுக்கு முன் என் மனைவியின் பிறந்தநாளுக்கு நானும் இப்படித்தான் செய்தேன். அவருடைய மேலாளரிடம் ரகசியமாகப் பேசி விடுப்பு வாங்கினேன். வெள்ளி காலை பெட்டியை எடுத்து முன்னால் வைத்து, ‘கிளம்பு’ என்றேன். அவர் முகம் வெளிறிவிட்டது. அந்தச் சனிக்கிழமை தன் அப்பாவை மருத்துவரிடம் அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தார்; என்னிடம் சொல்ல மறந்திருந்தார். விமான நிலையம் போகும் வழியெல்லாம் தம்பிக்கும் மாமாவுக்கும் போன் செய்துகொண்டே வந்தார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, நான் செய்தது பரிசுதானா என்றே தோன்றிவிட்டது. தன்னைக் கேட்காமல் தன் மேலாளரிடம் நான் பேசியதும் அவரை வருத்தியது. அதை ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னார்.

பயணத் தேதியை மறைக்காதீர்கள். ஊரை மட்டும் மறையுங்கள். ‘இந்த வெள்ளி மதியத்திலிருந்து ஞாயிறு இரவு வரை உங்கள் நேரம் என்னுடையது, விடுப்பு எடுத்துவிடுங்கள், வேறு எதுவும் கேட்கக்கூடாது’ என்று இன்றே சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும் திட்டமிட்டுப் பழகிய மனிதருக்கு, தன் வேலைகளை ஒழுங்குபடுத்திக்கொள்ள நாலு நாள் கிடைத்தால்தான் மனம் லேசாகும்.

கேட்டவர்

ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஆனால் சொல்லிவிட்டால் ஆச்சரியத்தில் பாதி போய்விடாதா? விமான நிலைய வாசலில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் இவ்வளவு நாள் காத்திருந்தேன்.

பதில் 5

போகாது தங்கையே. எங்கே போகிறோம் என்று தெரியாமல் மூன்று வாரம் யூகித்துக்கொண்டிருப்பது தனிச் சுகம். எனக்கு அப்படி ஒரு முறை நடந்தது. தினமும் ஒரு நகரத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பேன், என் கணவர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். இன்றைக்கும் அந்த நகரத்தைவிட அந்த மூன்று வாரம்தான் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது. உங்கள் கணவருடைய பாஸ்போர்ட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்தில் போர்டிங் பாஸை அவர் கையில் கொடுக்கும்போது நீங்கள் ஆசைப்பட்ட முகத்தைப் பார்க்கலாம்.

பெட்டியையும் நீங்களே அடுக்கப் போகிறீர்கள் என்றால், அவர் தினமும் சாப்பிடும் மாத்திரை, கண்ணாடி, பழகிய செருப்பு ஆகியவற்றை மறக்காதீர்கள். பவர் பேங்கைக் கைப்பையில் வையுங்கள், சரக்குப் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை. குளிரா மழையா என்பதை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்; அதனால் ஊர் வெளிப்பட்டுவிடாது. ஞாயிறு காலைக்கு எந்தத் திட்டமும் போடாதீர்கள். அந்த நேரத்தை அவர் கையில் விட்டுவிடுங்கள், எங்கே வேண்டுமானாலும் அழைத்துப் போகட்டும்.

கேட்டவர்

நேற்று இரவு சொல்லிவிட்டேன். தேதியை மட்டும்தான் சொன்னேன். மகள் தூங்கிய பிறகு, அதே சமையலறையில்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். ‘அன்றைக்கு டேப்லெட்மேல் ஈரத்துணியைப் போட்டாயே, அப்போதே ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன்’ என்றார். எனக்குப் பகீரென்றது. ‘படிக்கவில்லை. நீ ஏதோ மறைக்கிறாய் என்று தெரிந்ததும் திரும்பிக்கொண்டேன்’ என்றார். கைபேசியை எடுத்து அங்கேயே விடுப்புக்கு விண்ணப்பித்துவிட்டார். அந்த வெள்ளி மதியம் அவருக்கு ஒரு கூட்டம் இருந்திருக்கிறது; அதை வியாழனுக்கு மாற்றச் சொல்லி எழுதினார். நான் மேலாளரிடம் பேசியிருந்தால் இது என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பதில் 4 எழுதிய ஐயாவுக்கு மனமார்ந்த நன்றி.

நகர நடுவிலிருக்கும் சின்ன அறையை இன்று காலை, ரத்து செய்யக்கூடிய விலையில் எடுத்துவிட்டேன். சனி மாலைக்குப் படகில் இரண்டு இருக்கைகள். ஞாயிறு காலையை வெறுமையாக விட்டிருக்கிறேன் அக்கா.

அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: ‘குடை எடுக்கட்டுமா?’ எடுக்கச் சொன்னேன்.