கம்பெனி கார் செட்டில் ஆக்ஸ் இழுக்க வழி என்ன? முகப்பு மாறக்கூடாது

கோட்டையூரான்:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2008 மாடல் ஹேட்ச்பேக். டாஷ்போர்டோடு சேர்த்தே கம்பெனியில் போட்டுக் கொடுத்த சிடி-ரேடியோ. நாலு ஸ்பீக்கரும் நல்லா இருக்கு, ரேடியோவும் சுத்தமா எடுக்குது. ஆனா ஆக்ஸ் (போன் பாட்டை வயர்ல உள்ள கொடுக்கிற ஓட்டை), யூஎஸ்பி, புளூடூத் எதுவும் கிடையாது. பின்னாடி சிடி சேஞ்சர் சாக்கெட்டும் இல்லை. முகப்பு டாஷோட வளைவுக்குத் தக்க வார்த்தது, அதனால வேற செட் வாங்கிப் போட்டா சுத்தி ஓட்டை தெரியும். செட்டு இதே இருக்கணும்.

காரைக்குடி கடைகள்ல கேட்டா லைட்டர் சாக்கெட்ல சொருகுற எஃப்எம் ட்ரான்ஸ்மிட்டரைத்தான் எடுத்து நீட்டுறாங்க. எனக்கு வயர்ல நேரா பாட்டு உள்ள போகணும், செட்டோட வால்யூம் குமிழே வேலை செய்யணும். 25 வாட் சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர் ரெண்டும் இருக்கு, சால்டர் பிடிக்கவும் தெரியும். போர்டுல எந்த இடத்துல பிடிக்கிறது? ஸ்பீக்கர் வயர்லயே கொடுத்துட்டா ஆகாதா?

ஈயம்60_40:

ஸ்பீக்கர் வயரை மட்டும் தொடாதீங்க தம்பி. கார் செட்ல ஸ்பீக்கரோட மைனஸ் எர்த் கிடையாது. ஆம்ப் ஐசி, அதாவது ஸ்பீக்கரை ஓட்டுற சிப், ரெண்டு முனையையும் எதிரெதிரா ஓட்டுது, செட் ஆன்ல இருக்கும்போது பிளஸ், மைனஸ் ரெண்டுலயுமே பேட்டரியில பாதி, அதாவது 6 வோல்ட் பக்கம் டிசி நிக்கும். அதுல போன் வயரைக் கொடுத்தா போன் போகும். அந்த மைனஸை பாடியில வச்சா ஆம்ப் ஐசியே போகும். ஆம்ப் ஐசியோட இன்புட்லயும் கொடுக்க வேண்டாம். அது வால்யூமுக்கு அப்புறம் வர்ற இடம், குமிழைத் திருப்பினாலும் சத்தம் குறையாது.

நாம பிடிக்க வேண்டியது வால்யூமுக்கு முன்னாடி. அந்தக் காலத்துச் செட்கள்ல ரேடியோ, சிடி, டேப் மூணும் ஆடியோ ப்ராசஸர்னு ஒரு ஐசிக்குள்ள வந்து சேரும். எதைப் பாட வைக்கணும், எவ்வளவு சத்தம், பேஸ், ட்ரெபிள் எல்லாம் அதுக்குள்ளதான். மேல டிடிஏ 73, டிஇஏ 63 இல்லாட்டி பிடி 23ன்னு ஆரம்பிக்கிற எண் இருக்கான்னு பாருங்க. எண் தெரிஞ்சா டேட்டாஷீட், அதாவது எந்தக் கால் எதுக்குன்னு சொல்ற தாள், நெட்ல கிடைக்கும். சில செட்கள்ல சிடி சத்தம் டிஜிட்டலாவே சத்தத்தை டிஜிட்டலாவே கையாளுற பெரிய சதுர டிஎஸ்பி சிப்புக்குள்ள போயிரும். அப்படி இருந்தா சிடி பாதையில பிடிக்க இடமே கிடையாது, அப்ப வேற வழிதான் பார்க்கணும்.

ஐசியில மூணு இன்புட் இருந்து ஒண்ணு காலியா இருந்தா அதுல வயரைக் கொடுத்துடலாம்னு தோணும். வேலைக்காகாது. எந்த இன்புட்டை எடுக்கணும்னு செட்டோட மூளையான மைக்ரோகன்ட்ரோலர்தான் ஐ2சிங்கிற கட்டளை லைன்ல சொல்லுது. அது கூப்பிடாத கால்ல என்ன கொடுத்தாலும் வெளியே வராது. ஓடிக்கிட்டு இருக்கிற சோர்ஸோட (ரேடியோ, சிடி மாதிரி) வயருக்கு மேலேயே போன் வயரையும் சேர்த்துப் பிடிக்கிறதும் தப்பு. ரெண்டு அவுட்புட்டும் ஒண்ணையொண்ணு இழுத்து சத்தம் கம்மியாகும், கரகரக்கும். பாதையை வெட்டித்தான் உள்ள நுழையணும். கழட்டி எண்ணைச் சொல்லுங்க, அப்புறம் வரைஞ்ச மாதிரி சொல்றேன்.

ரஸ்தா_வயரிங்:

கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். பேட்டரி மைனஸைக் கழட்டினா சில கம்பெனி செட்கள் திரும்ப ஆன் பண்ணும்போது கோட் கேக்கும். வண்டிப் புத்தகத்துக்குள்ள கோட் கார்டு இருக்கான்னு முதல்ல தேடி எடுத்து வைங்க.

சுத்து ஃப்ரேமை ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீங்க, பிளாஸ்டிக் பட்டை போதும். நம்ம பக்கம் சித்திரை வெயில்ல வருஷக்கணக்கா நின்ன வண்டியில கிளிப் அப்பளமா நொறுங்கும். காலையில வண்டி குளுந்திருக்கும்போது செய்யாதீங்க, லேசா வெதுவெதுப்பா இருந்தா பிளாஸ்டிக் வளைஞ்சு கொடுக்கும். ஆன்டெனா ப்ளக்கை வயரைப் பிடிச்சு இழுக்காம தலையைப் பிடிச்சு உருவுங்க.

எஃப்எம் ட்ரான்ஸ்மிட்டர் பத்தியும் சொல்லிடுறேன், படிக்கிற மத்தவங்களுக்கு ஆகும். காலி அலைவரிசையில வச்சாத்தான் அது பாடும், ஆனா நம்ம ஊர்ல காலியா இருக்கிற இடம் மேலூர் போனா காலியா இருக்காது. கொடைக்கானல் 100.5 தூரம் வரைக்கும் வரும், மதுரையை நெருங்க நெருங்க 93.5, 98.3, 106.4 எல்லாம் பலமாயிரும். ரெண்டு பக்கமும் 0.4 மெகாஹெர்ட்ஸாவது காலியா இருக்கிற இடமாப் பாக்கணும். அதோட எஃப்எம்ல 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல சத்தமே போகாது, தாளத்தோட கணகணப்பு மழுங்கிரும். போர்டைத் தொட பயப்படுறவங்க ஆன்டெனா வயருக்கு நடுவுல மாட்டுற எஃப்எம் மாடுலேட்டர் வாங்குங்க. அது காத்துல அனுப்பாம ஆன்டெனா சாக்கெட் வழியா நேரா உள்ள தர்றதால வெளி ஸ்டேஷன் தொந்தரவு ரொம்பக் கம்மி. ஆனா அதுக்கு ஆஃப் ஸ்விட்ச் அவசியம், ஆன்லயே விட்டா ரேடியோ எடுக்காது.

கோட்டையூரான்:

ரொம்ப நன்றி அண்ணே. கழட்டிட்டேன், கோட் கார்டும் கிடைச்சது. போர்டுல 28 கால் ஐசி, மேல பிடி 2313ன்னு இருக்கு. போன்ல 3.5 ஓட்டை கிடையாது, டைப்-சி மட்டும்தான். அதுக்கு என்ன பண்றது?

ஈயம்60_40:

நல்ல ஐசி கிடைச்சிருக்கு. டிடிஏ 7313 மாதிரியேதான் இதுவும். இதுல ஒரு வசதி உண்டு. எந்தச் சோர்ஸ்னு உள்ள தேர்ந்தெடுத்த பிறகு சத்தம் ஒரு கால் வழியா வெளியே வந்து, ஒரு கன்டென்சரைத் தாண்டி, இன்னொரு கால் வழியா வால்யூம் பகுதிக்குத் திரும்ப உள்ள போகும். நடுவுல ஈக்வலைசர் மாட்டிக்கலாம்னு ஐசி செஞ்சவங்களே விட்ட வாசல் அது. டேட்டாஷீட் படத்துல பாருங்க, இடதுக்கு ஒரு அவுட்-இன் ஜோடி, வலதுக்கு ஒரு ஜோடி இருக்கும். இடையில ரெண்டு கன்டென்சர், பெரும்பாலும் 2.2 மைக்ரோஃபாரட். நாம நுழையிற இடம் அதுதான். சிடி பாதையில பிடிச்சா சிடி ஓடினாத்தான் போன் பாடும், இங்க பிடிச்சா அதுக்காக சத்தமில்லாத சிடி ஒண்ணு எழுதி ஓடவிட வேண்டிய தேவையே இல்லை. செட் ரேடியோவில இருந்தாலும் ஜாக்கைச் சொருகினா போன் பாடும். ஆனா ரேடியோ ஒரு ஸ்டேஷன்ல நிக்கணும், தேடிக்கிட்டே இருந்தா சில செட் தானா மியூட் ஆகும்.

வாங்க வேண்டியது: ஸ்விட்ச் உள்ள 3.5 மிமீ ஸ்டீரியோ ஜாக் ஒண்ணு. பின்னாடி அஞ்சு முனை இருக்கணும், மூணு முனை ஜாக் ஆகாது. உடம்பு பிளாஸ்டிக்கா இருக்கணும், அது முக்கியம். 2.2 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கன்டென்சர் ரெண்டு, 100 கிலோஓம் ரெசிஸ்டர் நாலு, ரெண்டு கோர் ஷீல்டு வயர் (சுத்தி எர்த் வலை இருக்கிறது) ரெண்டு துண்டு, ஒவ்வொண்ணும் ஒரு மீட்டருக்குள்ள. ஜாக் நம்ம ஊர்ல கிடைக்கலைன்னா சென்னை ரிச்சி தெருவில கட்டாயம் கிடைக்கும்.

இப்ப வயரிங், இடது பக்கத்துக்குச் சொல்றேன், வலதும் அதே மாதிரிதான். போர்டுல இருக்கிற பழைய கன்டென்சரோட ‘இன்’ பக்கக் காலை மட்டும் தூக்குங்க. தூக்கின கால்ல இருந்து ஒரு வயர் ஜாக்கோட ஸ்விட்ச் முனைக்குப் போகும். ஜாக்கோட நுனி முனையில இருந்து இன்னொரு வயர் திரும்ப வந்து, புது 2.2 கன்டென்சர் வழியா ஐசியோட ‘இன்’ காலுக்குப் போகும். ஜாக் காலியா இருந்தா ரெண்டு முனையும் தானா ஒட்டிக்கும், ரேடியோ வழக்கம்போலப் பாடும். போனைச் சொருகினா ரேடியோ வெட்டிரும். நுனி இடது, நடு வளையம் வலது.

புது கன்டென்சர் எதுக்குன்னா, ஐசியோட அந்தக் கால்ல சப்ளையில பாதி டிசி நிக்கும். 9 வோல்ட் சப்ளைன்னா 4.5. மீட்டரை வச்சுப் பாருங்க, அது தெரிஞ்சா சரியான கால்தான். அந்த டிசி போனுக்குப் போகக்கூடாது. எலக்ட்ரோலிடிக் போட்டா பிளஸ் ஐசி பக்கம், மைனஸ் ஜாக் பக்கம். பழைய கன்டென்சரும் எலக்ட்ரோலிடிக்கா இருந்து அதோட பிளஸ் தூக்கின பக்கம் இருந்தா, கழட்டித் திருப்பிப் போடுங்க, இப்ப அந்தப் பக்கம் 0 வோல்ட் ஆயிடுது. கையில இருக்குன்னு 0.1 மைக்ரோஃபாரட் போட்டுடாதீங்க. வால்யூம் இன்புட் 30 கிலோஓம் பக்கம் இருக்கும், 0.1 போட்டா 50 ஹெர்ட்ஸ்லயே பேஸ் இறங்கிரும், தவில் சத்தம் வெறும் தட்டுற சத்தமாத்தான் கேக்கும். 2.2ல வெட்டு 3 ஹெர்ட்ஸுக்கும் கீழ போயிரும்.

ஜாக்கோட நுனி, வளையம், ரெண்டு ஸ்விட்ச் முனை, ஆக நாலுல இருந்தும் ஒவ்வொரு 100 கிலோஓம் எர்த்துக்குப் போடுங்க. இல்லாட்டி கன்டென்சர்ல சார்ஜ் தேங்கி, ஜாக்கைச் சொருகும்போதெல்லாம் ஸ்பீக்கர்ல ‘டொப்’புன்னு அடிக்கும்.

எர்த் விஷயத்தில இம்மியும் பிசகக்கூடாது. ஜாக்கோட எர்த், ஐசியோட அனலாக் எர்த் காலுக்குப் பக்கத்துல இருக்கிற ட்ராக்குக்கு மட்டும்தான் போகணும். செட்டோட தகரப் பெட்டியிலயோ வண்டி பாடியிலயோ வைக்காதீங்க. ரெண்டு ஷீல்டையும் போர்டு பக்கம் அந்த ஒரே இடத்துல சேருங்க. ஜாக் பக்கம் ஒரு ஷீல்டை மட்டும் எர்த் முனையில பிடிங்க, இன்னொண்ணை வெட்டி டேப் சுத்திடுங்க. பிளாஸ்டிக் ஜாக் கேட்டதும் இதுக்காகத்தான், தகர ஜாக் டாஷ் உள்ள இருக்கிற பட்டையில பட்டா ரெண்டாவது எர்த் உண்டாயிரும்.

ஜாக்குக்கு இடம், காலியா இருக்கிற ஸ்விட்ச் மூடி. 6 மிமீ ட்ரில் போதும். ஏர்பேக் போற பக்கம் வயரைக் கொண்டு போகாதீங்க. உள்ள வயரை ஹாட் க்ளூ வச்சு ஒட்டாதீங்க, வெயில்ல இளகிரும், டை போட்டுக் கட்டுங்க.

டைப்-சி போனுக்கு, உள்ள டிஏசி (டிஜிட்டலை அனலாக் சத்தமா மாத்துற சிப்) இருக்கிற மாத்தி வாங்குங்க. டிஏசி இல்லாத வெறும் வயர் மாத்தி எல்லா போன்லயும் பாடாது. போன் சத்தத்தை எண்பது சதவீதத்துல வச்சுட்டு மீதியைக் குமிழ்ல ஏத்துங்க. போன்ல கம்மியா வச்சுட்டு செட்டை முழுசா ஏத்தினா இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

குன்றக்குடி_மயில்:

ஈயம் அண்ணன் சொன்ன ஜாக் முறைக்கு ஒரு எச்சரிக்கை. நம்ம செம்மண் புழுதி ஜாக்குக்குள்ள போய் அந்த ஸ்விட்ச் தகடு கறுத்துட்டா, போன் சொருகாதப்போ ரேடியோவே ஒரு பக்கம் பாடாது. ஸ்பீக்கர் போயிடுச்சுன்னு கதவைக் கழட்டாதீங்க, ஜாக்குல கான்டாக்ட் க்ளீனர் அடிச்சு பத்துத் தடவை சொருகி எடுங்க. ரப்பர் மூடி போட்டு வச்சா நல்லது. என்னைக் கேட்டா இடது, வலது ரெண்டையும் ஒண்ணா மாத்துற 12 வோல்ட் ரெண்டு-போல் ரிலே ஒண்ணைச் செட்டுக்குள்ளயே வச்சு, வெளியே ஒரு சின்ன ஸ்விட்ச் மட்டும் விடுறது நீண்ட நாளைக்கு நிக்கும்.

ரிலே போட்டா ஜாக்குக்குப் பதிலா புளூடூத் போர்டையே மாட்டிடலாம். எம்எச்-எம்18 மாதிரி சின்ன போர்டு 5 வோல்ட்ல ஓடும். சாவி போட்டா வர்ற ஏசிசி வயர்ல இருந்து 1 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டு எடுத்து, 12 வோல்ட்டை 5 ஆக்குற மாத்தி போடுங்க. ஆனா அந்த 5 வோல்ட்டை நேரா கொடுத்தா, பாட்டு நிக்கும்போது ‘கிர்ர்’ருன்னு புளூடூத் இரைச்சல் கேக்கும். சப்ளை எர்த்தும் ஆடியோ எர்த்தும் ஒண்ணாகி, போர்டு இழுக்கிற கரண்ட் ஆடியோ எர்த் வழியா ஓடுறதுதான் காரணம். நடுவுல ரெண்டு பக்க எர்த்தையும் பிரிச்சு வைக்கிற பி0505எஸ் 1 வாட் ஐசொலேட்டட் மாத்தி போட்டா அது நின்னுரும். அதோட அவுட்புட் எர்த்தை ஆடியோ எர்த்துல மட்டும் பிடிங்க, இன்புட் எர்த்தோட சேர்த்தா போட்டதே வீண். புளூடூத் போர்டைச் செட்டோட தகரப் பெட்டிக்குள்ள வைக்காதீங்க, சிக்னல் வெளியே வராது.

கோட்டையூரான்:

இப்போதைக்கு ஜாக்தான் போட்டேன். அருமையா பாடுது, ரேடியோவும் சரியா மாறுது. ஒரே ஒரு தொல்லை. போனை சார்ஜர்ல போட்டுக்கிட்டே பாட்டு வச்சா இன்ஜின் ஏறும்போது கூடவே ‘ஊய்ங்’னு ஒரு சத்தம் ஏறுது.

ஈயம்60_40:

ஆல்டர்னேட்டர் சத்தம் அது. சார்ஜர் எர்த் லைட்டர் சாக்கெட் வழியா பாடிக்குப் போகுது, ஆக்ஸ் எர்த் செட் வழியா பாடிக்குப் போகுது, போன் நடுவுல மாட்டிக்கிட்டு ஒரு வளையம் ஆயிடுது. முதல்ல சார்ஜரை உருவிப் பாருங்க. சத்தம் நின்னா வளையம்தான், உங்க வயரிங்ல குத்தமில்லை. போனுக்கும் ஜாக்குக்கும் நடுவுல கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடுங்க. உள்ள 600-க்கு 600 ஓம் ட்ரான்ஸ்ஃபார்மர் ரெண்டு இருக்கும், எர்த்தைப் பிரிச்சு சத்தத்தை மட்டும் கடத்தும். ரொம்ப மலிவானதை வாங்கினா பேஸ் குறையும், அதுல மட்டும் கொஞ்சம் பார்த்து வாங்குங்க.

சார்ஜர் இல்லாமலும் சத்தம் வந்தா, ஒரு 3.5 ப்ளக்ல மூணு முனையையும் ஒண்ணா சால்டர் பண்ணி ஜாக்குல சொருகுங்க. அப்பவும் ஊய்ங் கேட்டா ஷீல்டு வயர் மெயின் பவர் வயர்க்கட்டோட ஒட்டிப் போகுது, இல்லாட்டி எர்த் தப்பான ட்ராக்குல இருக்கு. வயரைப் பிரிச்சு வேற வழியாக் கொண்டு போய்ப் பாருங்க. கடைசியா, செட் பாடும்போதே ஆன்டெனா ப்ளக்கை உருவுங்க. அதோட சத்தம் நின்னா ஆன்டெனா அடிப்பாகம் பாடியில சரியா உக்காரலைன்னு அர்த்தம். அந்த நட்டைக் கழட்டி, அடியில துருவைச் சுரண்டிட்டு இறுக்குங்க.